உரிமையை விடாமல் நட்ட பாய்மரம்

வத்தைப் படகின் கடைசிப் பலகையை அறைந்துவிட்டு பிச்சைமுத்து ஆசாரி உளிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தபோது, சாரா உம்மாள் மணலில் விறுவிறுவென்று வந்தாள்.

"பாய்மரம் எங்க ஆசாரி?"

"அது தனிங்கம்மா. ஒப்பந்தத்துல வத்தைன்னுதான இருக்கு."

"கடலுக்குப் போகத் தயாரான வத்தைன்னு இருக்கு. மரமில்லாம எப்புடிப் போகும்?"

1959 ஐப்பசி. மீன்பிடிப் பருவத்துக்கு ஜெகதாப்பட்டினத்தில் அந்த வாரத்துக்குள் வத்தைகள் எல்லாம் கடலில் இறங்கிவிடும். கணவர் இறந்த பிறகு சாரா உம்மாள் தானே முன்னின்று கட்டுவித்த முதல் வத்தை இது. இதை நம்பி ஐந்து பேர் வேறு வேலைக்குப் போகாமல் காத்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க ஆசாரிக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் பேசாமல் மரத்தை நட்டுவிட்டால் அவள் சொன்னதை ஒத்துக்கொண்டதாகிவிடும். இனி வத்தை கட்டச் சொல்லி வருகிறவர்கள் எல்லாரும் அதையே கேட்பார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அறந்தாங்கி வக்கீலிடம் போனார். "மரத்த நட்டுக் குடுங்க. அதுக்கு முன்னாடி இந்தக் கடுதாசியக் குடுத்துருங்க" என்று வக்கீலே எழுதிக் கொடுத்தார்.

சாரா உம்மாள் சத்தம் போடப்போகிறாள் என்று பயந்துகொண்டேதான் ஆசாரி அதை நீட்டினார். அவள் மகள் ஹமீதா பானு படித்துக் காட்டினாள்: "பாய்மரம் என் பொறுப்பல்ல. பருவம் தவறக் கூடாதென்று மட்டுமே செய்கிறேன். இதனால் என் உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை."

சாரா உம்மாள் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"நல்லாருக்கே! கீழ நம்ம பேருக்கும் எழுது புள்ள. மரத்த வாங்கிக்கிறதால அவரு சொல்றத நான் ஒத்துக்கிட்டதா ஆகாது. என் உரிமையும் எங்கிட்டதான் இருக்கு."

பருவம் முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் இருவரை வைத்துப் பேசித் தீர்ப்பதென்று முடிவாயிற்று. அவள் கைநாட்டு வைத்தாள். ஆசாரி கையெழுத்துப் போட்டார். போட்டதும் அவருக்கு உடம்பே லேசானது போலிருந்தது. அன்றும் மறுநாளும் பாட்டை முணுமுணுத்தபடி மரத்தைச் செதுக்கினார். யாரும் கேட்காமலே வழவழவென்று இழைத்தார்.

"வழக்குல கெடக்குற மரத்துக்கு இம்புட்டு இழைப்பா?" என்றாள் சாரா உம்மாள்.

"வழக்கு அங்கிட்டு இருக்கட்டுங்கம்மா. மரம் என் கைவேலையில்ல?"

வியாழக்கிழமை காலை வத்தையை இறக்கினார்கள். "மொதல்ல ஆசாரி ஏறட்டும்" என்றாள் சாரா உம்மாள். முப்பது வத்தைகள் கட்டியவர், ஒன்றில்கூடக் கடலுக்குப் போனதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். வாடைக்காற்றில் பாய் சடாரென்று விரிந்தது. கரையிலிருந்து சாரா உம்மாள் என்னவோ கத்தினாள், காதில் விழவில்லை. ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு, மறு கையை உயர்த்தி ஆட்டினார். முகமெல்லாம் உப்புத் தண்ணீர் தெறித்தது.