ரிமோட்டைத் தேடிய ஞாயிறு

கிளாட்வின் எழுந்தான். பல் தேய்த்தான். மோட்டார் போட்டான், தொட்டி வழிந்ததும் அணைத்தான். கருப்பட்டிக் காப்பி போட்டு அடுக்களையில் நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பக்கத்தில் இன்னொரு டம்ளர் பல மாதமாகக் கவிழ்ந்தே இருந்தது. கோயிலில் பூசைக்கு மணி அடித்தது. போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் துறைமுகத்து ஏஜென்சி ஆபீசும் கிடையாது. கூடத்துத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்தான். காரிலிருந்து கழற்றிய ஆம்ப்ளிஃபயரை நடுவில் வைத்தான். அதோடு கழற்றிய ஸ்பீக்கர் பெட்டியைச் சுவரோரம் தள்ளினான். மனைவி ஹில்டாவின் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து, அதன் பவர் சப்ளையைத் தனியாக எடுத்தான். உப்புக் காற்றில் ஆம்ப்ளிஃபயரின் திருகுகள் பச்சை பூத்திருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பூசை முடிந்து எமில்டா வந்தாள். ஹில்டாவின் அக்கா. கையில் தூக்குச்சட்டி.

"என்ன தம்பி, கோயிலுக்கு வரல? இங்கன தனிப் பூசை நடக்கோ?"

"காரு ஆம்ப்ளிஃபயர் மைனி. வீட்டு கரண்ட்டுல ஓட்டப் பாக்கேன். பன்னெண்டு வோல்ட் வேணும். அதுக்குன்னு விக்கிறத வாங்கணும்னா சம்பளத்துல பாதி போயிரும். கம்ப்யூட்டர் பவர் சப்ளையும் பன்னெண்டு வோல்ட்தான் குடுக்கு."

"கார வித்தாச்சு, பாட்டுப் பொட்டிய வச்சுக்கிட்டாச்சு. மீன வித்துட்டு செதிள வீட்டுக்குக் கொண்டாந்த மாதிரி." எமில்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பாத்து. ஷாக் அடிச்சு நீங்களும் போய்ச் சேந்துட்டீயன்னா எங்கம்மா ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பூசையா முடிச்சிருவா."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் தேய்த்த கை ஒரு நொடி நின்றது. இந்த வீட்டில் அவனிடம் இப்படிப் பேசுகிறவள் எமில்டா ஒருத்திதான். மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்து, தாழ்த்திக்கொண்டே போனார்கள்.

போன தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால், ஆபரேஷனுக்கு உள்ளே போன ஹில்டா கண் திறக்கவில்லை. அவள் குரல் என்று மிச்சமிருந்தது போனில் ஒரு பதிவு, கோயில் பாடகர் குழுவின் ஒத்திகை. அவளுக்குத் தடித்த குரல். அதனால் கீழ்க்குரல் பாடுவாள். போன் ஸ்பீக்கரில் மற்றவர்கள் குரல் எல்லாம் கேட்கும், அவள் மட்டும் இருக்க மாட்டாள். ஹெட்போனில் கூட்டத்துக்குள் எங்கோ இருந்தாள். காரில் ஒரே ஒரு தடவை போட்டபோது இந்தப் பெட்டி அவளைத் தனியாக எடுத்து இருக்கைக்குப் பின்னால் உட்கார வைத்தது. அவள் முகத்தை மூடிக்கொண்டு, "ஐயோ, ஆம்பளச் சத்தம், நிப்பாட்டுங்க" என்றாள். அந்தச் சத்தம் அவனுக்கு வேண்டும். இன்றைக்கே வேண்டும்.

"இது தானா ஓடாது மைனி. இந்தப் பச்சை வயரையும் கறுப்பையும் சேத்தாத்தான் ஓடும். சின்னக் கம்பி ஏதாவது இருக்கா?"

எமில்டா அலமாரி இழுப்பறையைத் துழாவி ஒரு கொண்டை ஊசியை நீட்டினாள். ஹில்டாவுடையது. முனைகளில் கறுப்பு போகச் சுரண்டி இரண்டு வயருக்கும் நடுவில் செருகினான். சுவிட்சைப் போட்டான். விசிறி உறுமிக்கொண்டு சுற்றியது.

"ஆத்தாடி, உசுரு வந்துட்டு!"

அணைத்தான். மஞ்சள் வயர்களை ஒன்றாக முறுக்கிப் பன்னிரண்டு வோல்ட் திருகில் மாட்டினான், கறுப்பு வயர்களை அடுத்த திருகில். ஸ்பீக்கருக்கும் போனுக்கும் வயர் இழுத்தான். மறுபடி சுவிட்ச். விசிறி சுற்றியது. ஆம்ப்ளிஃபயர் கல் மாதிரி கிடந்தது. அதன் விளக்கு எரியவில்லை.

குனிந்து பார்த்தான். மூன்றாவதாக ஒரு திருகு. மேலே மூன்று எழுத்து.

"ஆர், ஈ, எம். ரிமோட்." ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவன். துறைமுகத்துக் காகிதங்களில் எந்தச் சுருக்கத்தையும் விரித்துப் படித்துவிடுவான். "இதுக்கு ரிமோட் ஒண்ணு இருந்திருக்கு மைனி. அதுலதான் ஆன் பண்ணணும்."

தேடினார்கள். டி.வி. மேசை, மெத்தைக்கு அடி, ஹில்டாவின் தையல் டப்பா. டி.வி. ரிமோட் கிடைத்தது. ஏ.சி. ரிமோட் கிடைத்தது. எமில்டா இரண்டையும் ஆம்ப்ளிஃபயருக்கு நேரே நீட்டி அமுக்கினாள். ஏ.சி. மட்டும் ஓடியது.

"நாலு வருசம் காருல பாட்டு கேட்டீயளே, ஒரு நாளாவது ரிமோட்ட அமுக்குனீயளா?"

யோசித்தான். "இல்ல."

"பின்ன எப்படி ஆன் ஆச்சு?"

"சாவியத் திருகுவேன். முன்னால பாட்டு டெக் முழிச்சுக்கும். பொறவு பின்னால 'டும்'னு ஒரு சத்தம் வரும்."

"அப்ப அதுவும் ஒங்கள மாதிரிதான். அவ அடுக்களையில இருந்து 'ஏங்க'ன்னு ஒரு குரல் குடுத்தாத்தான எந்திரிப்பீய? அதுவரைக்கும் பக்கத்துல குண்டு போட்டாலும் கட்டய மாதிரிக் கெடப்பீயன்னு சொல்லிச் சிரிப்பா. இதுக்கும் எவனாவது ஒரு குரல் குடுக்கணும் போல."

கிளாட்வின் அவளைப் பார்த்தான். பிறகு மூன்றாவது திருகைப் பார்த்தான். அதில் மெல்லிய நீல வயர் ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. காரிலிருந்து கழற்றியபோது வெட்டிய மிச்சம். டெக் விழித்ததும் அந்த வயர் வழியாகத்தான் பின்னால் குரல் கொடுத்திருக்கிறது. ரிமோட் என்றால் தூரத்திலிருந்து வருவது. கையில் பிடிப்பது அல்ல.

மஞ்சளிலிருந்து ஒரு துண்டு வயரை இழுத்து நீலத்தோடு முறுக்கினான். சுவிட்சைப் போட்டான்.

டும்.

"எந்திரிச்சிட்டாரு தொர," என்றாள் எமில்டா.

சத்தத்தைக் குறைவாகவே வைத்தான். கூட்டினால் கம்ப்யூட்டர் பவர் சப்ளை தாங்காது, அணைந்துவிடும். போனில் பதிவைத் தொட்டான். முதலில் மேல்குரல்கள் வந்தன. அப்புறம் அதற்கு அடியில், தரையிலிருந்து வருவதுபோல, அவள் வந்தாள். அலமாரிக் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. செய்தித்தாள் மேல் வைத்திருந்த அவன் உள்ளங்கையிலும் அது தெரிந்தது.

பாட்டு முடிந்தது. வெளியே ஏதோ கப்பல் சங்கு ஊதி ஓய்ந்தது. எமில்டா தூக்குச்சட்டி மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"வெளமீன் கொழம்பு. ஆறிப்போச்சு," என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "சரியான ஆம்பளச் சத்தம்தான் அவளுக்கு."

"ஆமா மைனி."

"தம்பி, ஒண்ணு கேக்கேன். 'மாதாவே'ன்னு சொல்லிட்டுத்தான் எம்மவ உள்ள போனான்னு அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதா. ஆஸ்பத்திரியில கதவுகிட்ட நின்னது நீங்கதான். அப்படியா சொன்னா?"

இதுவரை யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனும் மறுத்ததில்லை.

"இல்ல."

"பின்ன?"

கிளாட்வின் சுவரோரம் இருந்த பெட்டியைப் பார்த்தான். கூடத்தில் பாதியை அதுதான் அடைத்துக்கொண்டிருந்தது. அவன் உதட்டின் ஒரு ஓரம் கோணியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் எமில்டா பார்த்துவிட்டாள்.

"ஸ்ட்ரெச்சர உள்ள தள்ளுதாவ. நிப்பாட்டுங்கன்னு கையக் காட்டுனா. என்னைய மட்டும் கிட்ட வரச் சொன்னா. குனிஞ்சேன்."

"என்னதான் சொன்னா, சொல்லுங்களேன்."

அவன் ஹில்டா சொன்ன மாதிரியே, தொண்டையைத் தாழ்த்திச் சொன்னான்.

"கார விக்கணும்னா வித்துக்கிடுங்க. அந்தப் பொட்டிய மட்டும் வீட்டுக்குள்ள கொண்டாந்திராதீய."