புகை போகும் வழி

தியோடருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சித்தூர் மிஷன் சபையில் பாதிப் பேர் முடிவு கட்டியிருந்தார்கள். மீதிப் பேர் இன்னும் கேள்விப்படவில்லை, அவ்வளவுதான். கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிற மனுஷன் கல்யாண ஜோடிகளை நிற்கவைத்து எடுத்தோமா, கலெக்டர் துரைக்கு ஒரு சலாம் போட்டோமா என்று இருக்கவேண்டாமா? மெட்ராஸிலிருந்து வரவழைத்த கண்ணாடிப் பிளேட்டுகளை எல்லாம் வென்டிலேட்டர்களைப் படம் எடுத்தே தீர்த்துக்கொண்டிருந்தான்.

ஆமாம், வென்டிலேட்டர்தான். சுவரின் உச்சியில் காற்றுக்காக விடுகிற ஓட்டை. ரேணிகுண்டாவில் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஓட்டை, நகரியில் தறி வீட்டு ஓட்டை, திருப்பதியில் யாத்திரிகர் சத்திரத்து ஓட்டை. படம் எடுக்க மனுஷர்களே அகப்படவில்லையா என்று சத்திரத்துக் காவல்காரன் தெலுங்கில் கேட்டுச் சிரித்தானாம். இதைத் தியோடரே வீட்டில் வந்து சொன்னான். ஏன் எடுக்கிறான் என்பதை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அவன் மனைவி தபீதாளுக்கு அதுதான் தாங்கவில்லை. அவளுக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்குக் குடிபாலாவில் அம்மா வீட்டுக்குப் போகவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. முதல் குழந்தையையும் அங்கேதான் பெற்றாள். பச்சை உடம்பாய் இருந்த ஒரு காலையில் தலை கனக்கக் கண் விழித்தபோது, பக்கத்துப் பாயில் குழந்தை விறைத்துக் கிடந்தது. கர்த்தருடைய சித்தம் என்று போதகர் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். எல்லாரும் தலையாட்டினார்கள். இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டுமே என்பதைத் தவிர இப்போது அவள் மனசில் வேறு நினைப்பே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூப்பர் மனைவி கிருபாபாய் அவளை ஓரங்கட்டினாள். "இன்னாமா, உன் ஊட்டுக்காரரு போற எடத்துல எல்லாம் சாம்பிராணி போட்டுக்கினு இருக்காராமே? கோயில் கீயில் சுத்த ஆரம்பிச்சிட்டாரா?"

தபீதாளுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் அவமானத்தைவிட ஆவல்தான் பெரிதாக இருந்தது. ஓட்டைக்கும் சாம்பிராணிக்கும் என்ன சம்பந்தம்? மறுநாள் தியோடர் கோர்ட்டு வக்கீல்களைப் படம் எடுக்கப் போனதும், ஸ்டூடியோவின் பின்னறையில் இருந்த படப் பெட்டியைத் திறந்து தரையில் பரப்பிவிட்டாள்.

முதலில் கண்ணில் பட்டவை வடிவங்கள்தான். நட்சத்திர ஓட்டை, தாமரை ஓட்டை, சிலுவை ஓட்டை, வெறும் செங்கல் இடைவெளி. பிறகுதான் எல்லாப் படத்திலும் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைப் பார்த்தாள். பிளேட்டைக் கெடுத்துவிட்டானோ? தியோடர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. உற்றுப் பார்த்தாள். புகை! கேமராவை வெகுநேரம் திறந்து வைத்திருக்கிறான். அதற்குள் சாம்பிராணிப் புகை போன வழியெல்லாம் வெள்ளையாக விழுந்துவிட்டது.

அவளுக்குச் சுவாரசியம் பிடித்துக்கொண்டது. சில படங்களில் புகை நேரே ஏறி ஓட்டை வழியாக வெளியே போயிருந்தது. சிலவற்றில் பாதி ஏறி, சுருண்டு, கீழேயே இறங்கியிருந்தது. அழகான நட்சத்திர ஓட்டையில் போகாத புகை, அவலட்சணமான செங்கல் இடைவெளியில் போயிருந்தது. ஏன்? படங்களை இப்படியும் அப்படியும் மாற்றி அடுக்கினாள். கடைசியில் பிடிபட்டது. புகை வெளியேறிய அறைகளில் எல்லாம் கீழே இன்னொரு வழி இருந்தது. திறந்த கதவு, தரையோரத்து ஜன்னல், ஏதோ ஒன்று. உச்சியில் மட்டும் ஓட்டை இருந்த அறைகளில் புகை அங்கேயே தங்கிவிட்டது.

பெட்டியின் அடியில் ஒரு படம் இருந்தது. அதில் மேலே ஆறு இதழ் வைத்த வென்டிலேட்டர் மட்டும் லேசாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் ஒரே வெள்ளை. அந்த ஆறு இதழை அவளுக்குத் தெரியும். குடிபாலா வீட்டில், அவள் பெற்றெடுத்த அறை.

தியோடர் திரும்பி வந்தபோது அவள் அந்தப் படத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப எடுத்தீங்க?"

"போன மாசம். அத்தை ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது தபீதா? உங்க அம்மா மூட்டுன கரி நெருப்புப் புகைதான் மொத புள்ளைய எடுத்துக்கிச்சுன்னா?" அவன் தொப்பியைக் கழற்றினான். "எந்த மாதிரி ரூமுல வெச்சா புள்ள பொழைக்கும்னு தேடிக்கினு இருந்தேன்."

மருமகன் மாமியாரிடம் பேசுகிற பேச்சா இது? தபீதாளே படத்தை எடுத்துக்கொண்டு குடிபாலாவுக்குப் போனாள்.

அம்மா ஞானமணி அறையைத் தயாராக வைத்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் காற்று ஆகாது என்று கதவுச் சந்தில் எல்லாம் துணி அடைத்திருந்தாள். மூலையில் கரி நெருப்புச் சட்டி, பக்கத்தில் சாம்பிராணி. "இது மருந்துடி, பூசையில்ல" என்று சபைக்காரர்களுக்குச் சொல்கிற பதிலை மகளுக்கும் சொன்னாள். "மேல பாரு, மிஷன் பங்களா மாதிரி வென்டிலேட்டர். இந்த ரூமுக்கு இன்னா கொற?"

தபீதாள் வாதாடவில்லை. படத்தை அம்மா கையில் கொடுத்தாள்.

"இன்னாடி இது, மேகமா?"

"நம்ம ரூமுதான்மா. கதவ மூடி, சட்டியில நெருப்பு வெச்சு, சாம்பிராணி போட்டு எடுத்தது."

ஞானமணி படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். ஆறு இதழைக் கண்டுபிடித்தாள். அங்கிருந்து அவள் விரல் மெல்லக் கீழே இறங்கி வந்தது.

"இதுல கொழந்த எங்க இருந்துச்சு?"

தபீதாள் தொட்டுக் காட்டினாள். அம்மா மேல் கோபம் பொங்கிவிடுமோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்திருந்தாள். வரவில்லை. இடிந்துபோன அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அன்று மாலையே கொத்தனார் அப்பாவு கடப்பாரையோடு வந்தார். கீழேயும் காற்றுக்கு ஒரு வழி விட, சுவரில் எந்த இடத்தில் உடைக்க என்று கேட்டார். ஞானமணி பாய் போடுகிற இடத்தில் வெறுந்தரையில் படுத்தாள். கன்னத்தைத் தரையோடு வைத்து, கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள்.

"இங்க ஒடைங்க. மூஞ்சிக்கு நேரா."