அக்காவின் ஆட்சி

சலவைக்கூடத்தின் முதலாளி வயதாகி மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது, "இத்தனை வருஷம் ஓட்டினது நீங்கதான், இனிமேலும் நீங்களே ஓட்டுங்க" என்று மெஷின்களையும் சாவியையும் வேலை செய்தவர்களிடமே விட்டுவிட்டார். இஸ்திரி போடுகிறவர், துணி மடிக்கிற அவர் மனைவி, கிழிசல் தைக்கிற தையல்காரம்மா, வண்டி ஓட்டுகிறவர். அவ்வளவுதான் ஆட்கள்.

முதலாளி இல்லாமல் நடத்தலாம் என்று முதலில் சொன்னது இஸ்திரிக்காரர்தான். அவருக்குப் பட்டப்பெயர் தத்துவம். அரசாங்கமும் எஜமானும் இல்லாமல் மனுஷன் வாழ முடியும் என்று எழுதிய அரசின்மைவாதிகளின் புத்தகங்களைச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பார். படித்ததை இஸ்திரிப் பெட்டி சூடேறும் நேரத்தில் எல்லோருக்கும் சொல்வார்.

"மிருகங்களே ஒண்ணுக்கொண்ணு உதவி செஞ்சுதான் பிழைச்சிருக்காம். நமக்கு மட்டும் எதுக்குத் தலைக்கு மேல ஒரு ஆளு?"

"அந்த மிருகம் ஏதாவது பெட்ஷீட் மடிக்க வருமான்னு கேளுங்க" என்பாள் மனைவி. எல்லோருக்கும் அவள் அக்கா. கிண்டல் செய்வாளே தவிர, அவர் படிக்க உட்கார்ந்தால் ஜன்னல் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போடுவதும் அவள்தான்.

தலைக்கு மேல் ஆள் இல்லாமலே வேலை நன்றாகத்தான் நடந்தது. அக்காவின் தம்பி வந்து சேரும்வரை.

தம்பி அதற்கு முன்னால் ஏழெட்டு இடத்தில் வேலை பார்த்து, எல்லா இடத்திலும் துரத்தப்பட்டவன். நல்ல பையன். முகத்தைப் பார்த்தால் கோபப்பட முடியாது. ஆனால் எதிலும் அவசரம் கிடையாது. வந்த வாரமே தையல்காரம்மா அவனுக்குச் சாவகாசம் என்று பெயர் வைத்துவிட்டாள். மெஷினில் துணியைப் போடுவான், டீ குடிக்கப் போவான், டீக்கடையில் யாராவது அரசியல் பேசினால் முடியும்வரை கேட்டுவிட்டு வருவான். ஒருநாள் ஆஸ்பத்திரியின் வெள்ளை பெட்ஷீட்டுகளோடு ஓட்டல் சிவப்புத் திரைச்சீலை ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டான். ஒரு வண்டி பெட்ஷீட்டும் ரோஸ் நிறம். ஆஸ்பத்திரியில் இருந்த தலைமை நர்ஸ் அவற்றைக் குழந்தைகள் வார்டுக்குத் தள்ளிவிட்டு, "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பினாள்.

அன்று மதியம் எல்லோரும் மடிக்கிற மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தம்பி மூலையில் சோப்புத்தூள் மூட்டை மேல் தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

"அனுப்பிடலாம்" என்றாள் தையல்காரம்மா. "எனக்கும் அவன் மேல பாசம்தான். ஆனா அவன் செய்யற வேலையை நாமதானே மறுபடி செய்யறோம்."

தத்துவம் தலையாட்டவில்லை. "யாரையும் துரத்தறதுக்கா முதலாளி வேண்டாம்னு சொன்னோம்?"

"துரத்த வேணாம்" என்றாள் அக்கா. "ஆனா மேற்பார்வைக்கு ஒருத்தர் வேணும். மனுஷன் பாக்க ஆள் இருந்தாத்தான் வேலை செய்வான். உங்க புத்தகம் எழுதினவங்க எல்லாம் என் தம்பியைப் பாத்ததில்ல."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவளை விட்டால் வேறு யார்? வண்டிக்காரர் சரி என்றார். தையல்காரம்மாவும் சரி என்றாள். தத்துவம் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஒப்புதல் இல்ல. ஆனா எல்லாரும் சேர்ந்து சொல்றீங்க, குறுக்க நிக்கல" என்றார்.

அக்காவின் ஆட்சி நன்றாகவே ஆரம்பித்தது. தம்பி நேரத்துக்கு வந்தான். வெள்ளை வேறு, கலர் வேறு என்று பிரித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு புகாரும் இல்லை.

கொஞ்சநாளில் வேறு விதமான தொல்லை வந்தது. கிழிசல் கண்ணில் பட்டால் கேட்காமலே தைத்துவிடுகிற தையல்காரம்மா, இப்போது கிழிந்ததையெல்லாம் ஓரமாகக் குவித்து வைத்தாள். கேட்டால், "நீ பாத்துச் சொல்லுவேன்னு இருந்தேன்." வண்டிக்காரர் ஓட்டலிலிருந்து எடுத்து வந்த ஈர மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே இறக்கிவிட்டுப் போனார். பூஞ்சை பிடித்துவிட்டது. "பிரிச்சுப் போடுன்னு நீங்க சொல்லலையேக்கா." தம்பியோ அவள் இருக்கும்போது பம்பரமாகச் சுற்றினான். அவள் முதுகைத் திருப்பினால் மூட்டையில் சாய்ந்துவிடுவான். அவளுக்குத் துணி மடிக்கவே நேரமில்லை. நாள் முழுக்க எல்லோர் பின்னாலும் நடந்துகொண்டே இருந்தாள்.

ஒருநாள் அலுப்பில் இருந்தபோது, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த புருஷன் கண்ணில் பட்டார்.

"சாப்பாட்டு நேரம் முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு? சட்டையெல்லாம் குவிஞ்சு கிடக்கு, தெரியலையா?"

தத்துவம் புத்தகத்தை மூடினார். எழுந்து நின்று, "சரிங்க" என்றார்.

கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. பழைய முதலாளியிடம் வருஷக்கணக்காகச் சொன்ன அதே 'சரிங்க', அதே தொங்கிய தோள். தன்னிடம் ஒருநாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

சாயங்காலம் தம்பியும் அவளும் ஆளுக்கொரு முனை பிடித்துப் பெரிய விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டா, நான் நின்னா வேலை செய்யற, நகர்ந்தா உக்காந்துடற. உண்மையைச் சொல்லு, நான் திட்டல."

அவன் முனையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு யோசித்தான். "அப்பாகிட்ட அடி வாங்கி வளர்ந்தேன், வாத்தியார்கிட்ட வாங்கினேன், போன இடமெல்லாம் திட்டு வாங்கிதான் வேலை செஞ்சேன். திட்டு நின்னா, அன்னிக்கு வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். எனக்கு வேற மாதிரி தெரியாதுக்கா."

அக்கா கையிலிருந்த விரிப்பை மேசை மேல் வைத்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது புருஷனிடம் சொன்னாள். "நாளைக்கு விட்டுடறேன். என்னால முடியல. என்னையே எனக்குப் பிடிக்கல."

தத்துவம் அவள் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு நல்லவங்க கையில கொடுத்தாலும் அதிகாரம் அவங்களை மாத்திடும்னு எழுதியிருக்காங்க. நீ மாறினது கம்மிதான்."

"தம்பியை என்ன பண்றதுன்னு எழுதியிருக்காங்களா?"

"அதுல அவங்களுக்குள்ளயே சண்டை. உழைச்ச அளவுக்குத்தான் கூலின்னு ஒருத்தர். தேவைக்கு எடுத்துக்கட்டும், முடிஞ்சதைச் செய்யட்டும்னு இன்னொருத்தர். சாவகாசத்தைப் பத்தி ரெண்டு பேருமே நேரா எதுவும் எழுதல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

மறுநாள் அவள் எல்லோரையும் கூப்பிட்டுத் தான் விலகுவதைச் சொன்னாள். பிறகு தம்பியைப் பார்த்து, "உனக்கு எந்த வேலை வேணும்? நீயே சொல்லு" என்றாள்.

அவன் பதறிப்போனான். "நீங்க சொல்ற வேலைதான்க்கா."

"யாரும் சொல்லப் போறதில்ல."

அவனுக்குப் பதில் சொல்ல ரெண்டு நாள் பிடித்தது. அந்த ரெண்டு நாளும் எல்லோரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே திரிந்தான். தையல்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். கடைசியில் அவன் வந்து, "வாஷிங் மெஷினை நான் பாத்துக்கறேன். என்ன போடறது, எப்ப எடுக்கறது எல்லாம் என் பொறுப்பு. கெட்டா என்னைக் கேளுங்க" என்றான்.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. லேட்டாக வருவது போகவில்லை. டீக்கடை அரசியலும் போகவில்லை. ஆனால் வந்தால் மெஷினின் சத்தத்தை வைத்தே துணி கூடுதலா குறைவா என்று சொல்லப் பழகினான். ஓரமாகக் குவிந்த கிழிசல்களும் மெல்ல மெல்லக் காணாமல் போயின.

ஒருநாள் காலையில் அவனே மடிக்கிற மேசைக்கு வந்து நின்றான். கையில் ஒரு கம்பளிச் சட்டை, குழந்தைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கி.

"வெந்நீர்ல போட்டுட்டேன். நான்தான்."

அக்காவின் வாய் திட்டுவதற்குத் திறந்தது. கஷ்டப்பட்டு மூடிக்கொண்டாள். "இப்ப என்ன பண்ணலாம்?"

"சட்டைக்காரருக்குப் போன் பண்ணிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"நல்லாத் திட்டினாரு. வாங்கிக்கிட்டேன். அப்புறம் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கேன். தையல்காரம்மா அளவு எடுத்துப் புதுசு தைச்சுக் குடுப்பாங்கன்னு."

மெஷின் சத்தத்திலும் அது தையல்காரம்மா காதில் விழுந்தது. "என்னை யாருடா கேட்டா?"

"இப்பத்தான் கேக்கறேன். தைச்சுத் தருவீங்களா?"

தையல்காரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கம்பளித் துணிக்கு அவன்தான் கடைக்கு அலைய வேண்டும் என்றாள். அவன் சரி என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். தத்துவம் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, டீக்கடை வழியாகப் போகாதே என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். இரண்டு பேரும் அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.