அடுப்பில் போட்ட மான்கள்

வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முந்தின சாயங்காலம் கூபிக் வேட்டை முகாமில் ஒரு சடங்கு நடக்கும். இரும்படுப்பைத் திகுதிகுவென்று எரியவிட்டு, கதவைத் திறந்து வைத்து, ஆளுக்கொரு பெட்டைமான் சீட்டை உள்ளே போடுவார்கள். சீட்டு சுருண்டு கருகும்போது எல்லோரும் சேர்ந்து, "பொழச்சுப் போ, தாயே!" என்று கத்துவார்கள். அப்புறம் பீர். இந்தக் கூத்தைத் தொடங்கி வைத்தவள் ரோவீனா கூபிக். லாரல் ஃபோர்க் பள்ளத்தாக்கில் குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள், முகாமுக்குத் தலைவி, வாயைத் திறந்தால் எதிரில் இருக்கிறவன் வாய் மூடிக்கொள்ளும்.

அவள் அதைத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. கொம்புள்ள கலைமானைச் சுட லைசென்ஸ் போதும். பெட்டையைச் சுட வேண்டுமென்றால் மாவட்டக் கருவூல ஜன்னலில் தனிச் சீட்டு வாங்க வேண்டும். எத்தனை சீட்டு விற்கலாம் என்று மாநில மான் இலாகா வருஷா வருஷம் சொல்லும். எங்கள் ஆட்களுக்கோ பெட்டையைச் சுடுவதென்றால் விதைக்கு வைத்த உருளைக்கிழங்கை அவித்துத் தின்கிற மாதிரி. இலாகாவோடு கத்திப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் ஒரு நாள் ரோவீனா கேட்டாள்:

"எல்லாச் சீட்டையும் நாமளே வாங்கி எரிச்சுட்டா, சுடுறவன் கைக்கு எப்படிடா போகும்?"

அடடா, என்ன மூளை! அன்றைக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடாத குறை. மறு வருஷத்திலிருந்து முகாமே வரிசையில் நின்றது. பெண்டாட்டி பெயரில் வாங்கினார்கள், மச்சான் பெயரில் வாங்கினார்கள். ரோவீனாவின் தம்பி லெஸ்டரின் மாமியாருக்கு ஸ்பூன் பிடிக்கவே கை நடுங்கும். அந்த அம்மாவும் லைசென்ஸ் எடுத்த வேட்டைக்காரி ஆனாள்.

அப்படியும் மான் குறைந்துகொண்டே வந்தது. எரிக்க எரிக்க இலாகா சீட்டைக் கூட்டிக்கொண்டே போனது. இவர்களால் வாங்கித் தீர்க்க முடியாத அளவுக்குக் கூடியபோது, மிச்சத்தை வெளியூர்க்காரர்கள் வாங்கினார்கள். அவர்கள் அடுப்பு மூட்ட வரவில்லை, சுட வந்தார்கள். நவம்பர் மாதம் பள்ளத்தாக்குச் சாலையில் பெட்டைகளைக் கட்டி ஏற்றிய வண்டிகள் இறங்கிப் போவதைப் பார்க்க ரோவீனாவுக்கு வயிறு எரிந்தது. அடுத்த வசந்தத்தில் இலாகாக்காரர் கூட்டம் போட வருகிறார் என்று தெரிந்ததும், "இந்தத் தடவை நான் பேசறேன், ஒருத்தனும் குறுக்க வராதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

கூட்டம் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில். இலாகாவிலிருந்து வந்தவர் டெரன்ஸ் ஓல்ம், மெலிந்த மனிதர், குரலை உயர்த்தாதவர். அவரைத் திட்டவே பாதிப் பேர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். முன்வரிசையில் விர்ஜில் ஸ்டாக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கும் மேல்முகாமின் தலைவர், மரம் அறுக்கும் மில் முதலாளி, ரோவீனாவுக்கு ஜென்ம விரோதி.

"சார், எங்க காட்டுல மானே இல்ல" என்று ரோவீனா ஆரம்பித்தாள். "நான் ராத்திரி பகல் பாக்காம ரோட்டுல கிடக்கறவ. முன்னெல்லாம் விளக்கு வெளிச்சத்துல கண்ணு கண்ணாத் தெரியும். இப்ப முயல் கூட எட்டிப் பாக்கறதில்ல. இல்லாத மானுக்கு எதுக்கு இத்தனை சீட்டு?"

கூடம் கை தட்டியது. ஓல்ம் பொறுமையாகக் காத்திருந்தார்.

"இல்லாத மானுக்கு எதுக்கும்மா இத்தனை பேர் வரிசையில நிக்கறீங்க?" என்றார். "மாநிலத்துலயே முதல்ல தீந்துபோற சீட்டு உங்க மாவட்டத்துச் சீட்டுதான். ஒண்ணு மிஞ்சினதில்ல. மத்த ஊர்ல நாலு சீட்டுக்கு ஒரு பெட்டை விழுது. நீங்க சுட்டா எங்களுக்குச் சொல்றதில்ல, அது ஊரறிஞ்ச விஷயம். அதனால இங்கயும் நாலுக்கு ஒண்ணுன்னு நாங்களே போட்டுக்கறோம். வருஷா வருஷம் அத்தனை பெட்டை விழுந்தும் மறு வருஷம் அதே கூட்டம் சீட்டுக்கு அடிச்சுக்குதுன்னா, காட்டுல எவ்வளவு மான் இருக்கணும்? நீங்களே சொல்லுங்க. இந்த வருஷமும் கூட்டித்தான் ஆகணும்."

ரோவீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்பில் போட்ட சீட்டெல்லாம் நாலுக்கு ஒன்றாக இலாகாவின் கணக்கில் செத்த மானாகியிருக்கிறது. செத்த மானைக் காட்டி இன்னும் சீட்டு வந்திருக்கிறது. அந்தச் சீட்டைக் கொண்டு வெளியூர்க்காரன் உண்மையான மானைச் சுட்டிருக்கிறான். தானே காசு கொடுத்துத் தன் காட்டுக்குக் கொள்ளி வைத்திருக்கிறாள்.

பேசாமல் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது. அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஆனால் சீட்டு இன்னும் ஒரு தடவை கூடினால் பள்ளத்தாக்கில் குட்டி போடப் பெட்டையே இருக்காது.

"சார், அந்த மானை நாங்க சுடலை" என்றாள். "சீட்டை வாங்கி அடுப்புல போட்டோம். என் யோசனைதான்."

கூடம் குபீரென்று சிரித்தது. விர்ஜில் மட்டும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓல்ம் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுக்கு அத்தாட்சி?"

"சாம்பல்தான் இருக்கு."

"சாம்பலை எனக்கு எண்ணத் தெரியாதும்மா" என்றார் ஓல்ம். கேலியாகச் சொல்லவில்லை. "இந்த வருஷ எண்ணிக்கையை மாத்த என் கையில ஆதாரம் இல்ல. சீட்டோட அடியில இருக்கே, சுட்ட மான் காதுல கட்டற துண்டு, அதைக் கிழிக்காம, சீட்டை முழுசாக் கொண்டு வந்து குடுங்க. எண்றேன். நீங்க சொல்றது நிஜம்னா குறைக்கறேன், இது என் வாக்கு."

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். "ஏன்க்கா, இத்தனை வருஷமா எங்களை வெச்சு எமனுக்கு விறகு அடுக்கினியா?" என்றான் லெஸ்டர். கூடப்பிறந்த தம்பி! லாரி ஏறப் போனவளை விர்ஜில் வந்து மறித்தார்.

"ஏம்மா ரோவீனா, உன் புத்திசாலித்தனத்தை உன் முகாமோட வெச்சுக்கக் கூடாதா?"

"உமக்கென்னய்யா போச்சு?"

"எனக்கென்ன போச்சா? நாங்களும் எரிச்சோம்ல!" என்று விர்ஜில் கத்தினார். "உன்னைப் பாத்துக் காப்பியடிச்சோம்னு வெளிய சொன்னா மானம் போகுமேன்னு வாயைப் பொத்திட்டு எரிச்சோம். பள்ளத்துல இருக்கற கீழ முகாம்காரனும் எரிச்சான். ஊரே எரிச்சுது!"

ரோவீனாவுக்கு வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விர்ஜில் முறைத்துப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும், "இந்த வருஷம் எரிக்காதீரும். சுடவும் சுடாதீரும். அப்படியே பத்திரமா வையும்" என்றாள்.

"நீ சொல்லி நான் கேக்கணுமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார் விர்ஜில். கேட்பாரா மாட்டாரா என்று அவளுக்குப் புரியவில்லை. மேல்முகாம்தான் பெரிய முகாம். அவர்கள் சீட்டு இல்லாமல் கணக்கு நிற்காது.

அந்தக் கோடை முழுக்க அவள் ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கினாள். வழக்கம்போல் எல்லாச் சீட்டையும் வாங்குங்கள், ஆனால் கிழிக்காதீர்கள், எரிக்காதீர்கள் என்றாள். சிலர் திட்டினார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். அவள் மறுபடி போய்த் தட்டினாள். நவம்பரில் முகாம் அடுப்பைப் பற்றவைத்ததும், பழக்க தோஷம், லெஸ்டர் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். ரோவீனா நாற்காலியை இழுத்து அடுப்புக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. சாஸ்திரத்துக்கு."

"போடு. அது கூடவே உன்னையும் உள்ள தள்றேன்."

முதுகு வெந்தாலும் அவள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் லெஸ்டர் உட்கார்ந்திருந்த பரணுக்குக் கீழேயே கொழுத்த பெட்டை ஒன்று வந்து நின்றது. சீட்டு சட்டைப் பையில், துப்பாக்கி கையில். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான், பெட்டை மேய்ந்துவிட்டுப் போய்விட்டது. சாயங்காலம் அதைச் சொன்னபோது ரோவீனா தன் பங்கு பன்றியிறைச்சியையும் அவன் தட்டில் வைத்தாள்.

மறு வசந்தம், அதே கூடம், அதே ஓல்ம். ஒவ்வொரு முகாமாக வந்து சீட்டுகளை மேசையில் வைத்தார்கள். ரோவீனா மாவுச் சாக்கில் கொண்டு வந்து கொட்டினாள். கீழ முகாம்காரர்கள் ஷூ பெட்டியில் கொண்டு வந்தார்கள். மேல்முகாமிலிருந்து ஒருவரையும் காணோம். ஓல்ம் மேசையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"இவ்வளவுதானாம்மா?"

"கொஞ்சம் பொறுங்க சார்."

பொறுத்தார்கள். காப்பி ஆறியது. அந்தக் கிழவன் பழி வாங்கிவிட்டான், மொத்தத்தையும் அடுப்பில் போட்டுவிட்டு வீட்டில் கால் நீட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறான் என்று ரோவீனா பல்லைக் கடித்தாள். கோபத்துக்குள்ளே அழுகையும் இருந்தது. ஓல்ம் எண்ணத் தொடங்கலாமா என்று கேட்க வாயெடுத்தபோது வாசலில் ஒரு கூச்சல்.

"வழி விடுங்கப்பா! வழி விடுங்க!"

விர்ஜில் முன்னால் வர, பின்னால் இரண்டு பேர் நாய்த் தீனிச் சாக்கு ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். மேசையில் கவிழ்த்ததும் சீட்டுகள் சரிந்து ஓல்மின் மடியில் விழுந்தன, தரையில் வழிந்தன.

"எங்க பசங்க பாதிப் பேர் நகரத்துக்கு வேலைக்குப் போயிட்டானுங்க. வீடு வீடாப் போய்ப் புடுங்கிட்டு வர நேரமாயிருச்சு" என்று விர்ஜில் மூச்சு வாங்கினார். பிறகு ரோவீனாவிடம் திரும்பி, "என்ன, எரிச்சுருப்பேன்னுதானே நெனச்ச?"

"ஆமா" என்றாள்.

"நல்லா நெனப்படி நீ."

ஓல்ம் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். தன்னோடு இலாகாவிலிருந்து வந்த இரண்டு பேரோடு ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, துண்டு கிழிந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அடுக்கினார். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பன்றி இறைச்சி சாண்ட்விச் வந்தது, ஆப்பிள் பை வந்தது, ஓல்முக்கும் ஒரு தட்டு போனது. இத்தனை வருஷத்தில் இலாகாக்காரனுக்கு இந்தக் கூடத்தில் யாரும் தண்ணீர் கூடக் கொடுத்ததில்லை. கடைசி அடுக்கை எண்ணி முடித்து அவர் எழுந்தார்.

"எங்க கணக்குல செத்துப்போன பெட்டைங்க பெரும்பாலும் சாகவே இல்ல. நாங்க இருக்குன்னு நெனச்ச மந்தையும் இல்ல" என்றார். "நாங்க போட்டது தப்பு. நீங்க பண்ணினதும் தப்பு. எண்ணிக்கையைப் பத்துல ஒண்ணா வெட்டறேன். இனிமே சுட்டாச் சொல்லணும், சுடாட்டிச் சீட்டு திரும்பி வரணும். சம்மதமா?"

சம்மதமா என்று கேட்டது யார் காதிலும் விழவில்லை. தொப்பிகள் கூரைக்குப் பறந்தன. யாரோ தீயணைப்பு வண்டியின் மணியை இழுத்து அடித்தார்கள், எங்கோ தீப்பிடித்துவிட்டதென்று ஊரே ஓடி வந்தது. லெஸ்டர் அக்காவைத் தூக்கப் பார்த்தான், தூக்க முடியவில்லை, விர்ஜிலும் சேர்ந்து தூக்கினார். ரோவீனா மேலேயிருந்து இருவரையும் திட்டிக்கொண்டே சிரித்தாள்.

கோடையில் சீட்டு விற்பனை தொடங்கிய காலை அவளும் கருவூல ஜன்னல் வரிசையில் நின்றாள். இந்த எண்ணிக்கை என்றால் காடு தாங்கும், முதல் தடவையாக ஒரு பெட்டையை உண்மையாகவே சுட்டுத் தின்னலாம் என்று வந்திருந்தாள். அவளுக்கு முன்னால் விர்ஜில் வாங்கிக்கொண்டு நகர்ந்தார். ஜன்னலுக்குள் இருந்த பெண் கையை விரித்தாள்.

"தீந்துபோச்சும்மா."

"என்னது?"

"சீட்டு தீந்துபோச்சு. இந்த வருஷம் அவ்வளவுதான். உங்களுக்கு இல்ல."

"இன்னொரு தடவை சொல்லு."

"உங்களுக்கு இல்லம்மா!"

ரோவீனா பின்னால் நின்ற வரிசையைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் தூக்கி, "எனக்கு இல்லையாம்! டேய், எனக்கு இல்லையாம்டா!" என்று கத்தினாள். வரிசை மொத்தமும் வெறுங்கையோடு ஆரவாரம் செய்தது. விர்ஜில் கடைசிச் சீட்டை அவள் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"என்ன பண்ணட்டும்? அடுப்புல போடட்டா?"

"போட்டீரு, கையை ஒடிச்சுருவேன்" என்றாள் ரோவீனா. "சுடும்யா. சுட்டு இலாகாவுக்குச் சொல்லும். சொல்லிட்டு, ஒரு தொடை எனக்கு அனுப்பும்."