பிரேக் குழாய்க்கு அடித்த கறுப்பு பெயிண்ட்

வருடாந்திரச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோகிறவர்கள் எங்கள் ஊர் பெர்கோவித்சாவில் ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொள்வார்கள். வண்டி சோதிக்கிற ஸ்னெஜானா கையில் மட்டும் மாட்டிவிடக் கூடாது. நான் மாட்டினேன்.

எங்கள் வண்டிக்கு இருபத்திரண்டு வயது. மறுநாள் காலை என் மனைவி எலித்சா அதில்தான் பெத்ரோஹான் கணவாயைத் தாண்டிப்போய், முதியோர் இல்லத்துச் சமையல் வேலையில் சேர வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. இரண்டு வருடம் அலைந்து கிடைத்த வேலை. அதனால் நான் செய்யாத தில்லுமுல்லு இல்லை. என் மொட்டை டயர்களைக் கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டு ஸ்டோயனின் டயர்களை மாட்டினேன். அடியில் துருப்பிடித்த இடமெல்லாம் கறுப்பு பெயிண்டை அப்பினேன். எலித்சாவிடம், மெக்கானிக் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டதாக அளந்துவிட்டேன்.

ஸ்னெஜானா வண்டியை ஒரே ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"வெலிச்கோ அண்ணே, இந்த டயரு செவ்வாக்கெழம ஸ்டோயன் வண்டியில வந்துச்சு. போன வாரம் பாதிரியார் வண்டியில வந்துச்சு. ஊரே மாத்தி மாத்தி மாட்டுது, தேயவே மாட்டேங்குதே!"

கூட வந்திருந்த எலித்சா என்னை முறைத்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

அப்புறம்தான் ஸ்னெஜானாவின் வேலையைப் பார்த்தேன். என் திருட்டைப் பிடித்தவள் என்றாலும் சொல்லத்தான் வேண்டும், அப்படியொரு கை! ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லி, காதை மட்டும் சாய்த்தாள். "எடது சக்கரத்தத் தாங்குற பால் ஜாயிண்ட் போச்சு" என்றாள். கம்பியை வைத்து நெம்பிப் பார்த்தபோது அதுவேதான் ஆடியது. முகப்பு விளக்கைப் போடச் சொன்னாள்.

"ஒண்ணு ரோட்டப் பாக்குது. இன்னொண்ணு மரத்துல காக்காயத் தேடுது."

வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயப் பாட்டிலை மெல்ல மேசையில் வைத்தேன்.

"அத ஸ்டோயனுக்குக் குடுங்க. டயர் வாடகைக்கு ஆச்சு."

"ஸ்னெஜானா, இதெல்லாம் சில்லறைக் கோளாறு. அடுத்த வாரம் சரிபண்ணிடுறேன். நாளைக்கு இவ வேலைக்குப் போகணும், தாயி."

அவள் வண்டிக்கு அடியில் இருந்த சோதனைப் பள்ளத்தில் இறங்கி, டார்ச்சை மேலே காட்டினாள்.

"அண்ணே, வண்டியில ஏறி பிரேக்க நல்லா மிதிங்க. எதுக்கால லாரி வர்ற மாதிரி."

மிதித்தேன். முதலில் கெட்டியாக நின்றது. பிறகு கீழே டப் என்றொரு சத்தம். கால் அப்படியே தரையில் போய் இடித்தது.

ஓடிவந்து குனிந்து பார்த்தேன். பிரேக் எண்ணெய் பள்ளத்துக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. ஸ்னெஜானா பிரேக் குழாயை நகத்தால் சுரண்டினாள். கறுப்பு உரிந்து, துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

எலித்சா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்குன்னா பிரேக்கு எங்க விட்டிருக்கும், ஸ்னெஜானா?"

"கணவாய் எறக்கத்துல, அக்கா. மொத வளைவோ, ரெண்டாவதோ."

சொல்லிக்கொண்டே 'தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எனக்கு அவள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

"மெக்கானிக் பாத்தான்னு சொன்னீங்களே?" எலித்சா என் பக்கம் திரும்பினாள். "இந்தப் பெயிண்ட எவன் அடிச்சான்?"

ஸ்னெஜானா என் விரல்களைப் பார்த்தாள். நக இடுக்கில் இன்னும் கறுப்பு இருந்தது. துணியை எடுத்து, தன் கையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நான்தான்" என்றேன்.