கொன்றை நகர் வட்டல்கள்

பொன்னாத்தாள் வந்து கேட்டபோது தனப்பிரியா வாசலோரம் உட்கார்ந்து உரத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். காய்கறித் தோலும் காய்ந்த இலையும் கலந்து கறுப்பாகியிருந்தன. முழங்கை வரைக்கும் மண்.

"தனம், ஞாயித்துக்கெழம நம்மூட்டுல மருமக கோகிலாவுக்குக் கட்டுச்சோறு விருந்து. வெண்ணந்தூர்ல இருந்து சம்பந்தி ஊட்டாளுக அம்புட்டுப் பேரும் வாராங்க. மொட்டமாடியிலதான் சாப்பாடு. வட்டலு, டம்ளரெல்லாம் நம்ம பெட்டியில இருந்தே எடுத்துக்கறேன். பிளாஸ்டிக் தட்டு விக்கற கடைப் பக்கம் நான் போகல. போதுமா?"

அந்தப் 'போதுமா'வில் ஒரு சீண்டல் இருந்தது. தெருவில் தனப்பிரியாவுக்குத் 'தட்டு போலீசு' என்று பெயர். முதலில் அப்படி அழைத்ததே பொன்னாத்தாள்தான்.

"நெம்பச் சந்தோசமுங்கக்கா," என்றாள் தனப்பிரியா. சந்தோஷத்தில் கையிலிருந்த மண்ணோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். பொன்னாத்தாள் சிரித்துக்கொண்டே போனாள்.

நாமக்கல்லின் ஓரத்தில், முப்பது வீடுகள் சேர்ந்த கொன்றை நகரில், எந்த வீட்டில் விசேஷம் நடந்தாலும் மறுநாள் அதன் மிச்சம் தனப்பிரியா வீட்டெதிரே காலியாகக் கிடக்கும் மனையில் வந்து விழும். தெர்மகோல் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், பாயசக் கிண்ணம். மழை பெய்தால் அவை மிதந்துபோய்ச் சாக்கடையை அடைக்கும். ஒருநாள் ஒரு பசுமாடு சாம்பார் ஒட்டிய தட்டை நிதானமாக மென்று விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "புழங்காத வட்டல் இருந்தாக் குடுங்க. பொதுவுல வெச்சுக்கலாம். ஆருக்கு வேணுமோ எடுத்துப் புழங்கிட்டுக் கழுவி வெக்கட்டும்."

புழங்காத எவர்சில்வர்த் தட்டு இல்லாத வீடு ஏது? சீராக வந்தவை, மொய்யாக வந்தவை, பெயரும் தேதியும் வெட்டியவை என்று பரணில் சாக்குக்குள் கிடந்தவை இறங்கி வந்தன. பொன்னாத்தாளின் வீட்டுக்காரர் தங்கசாமிக்கு லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை. மிஞ்சிய தகட்டில் அவரே ஒரு பெரிய பெட்டி பற்றவைத்துக் கொடுத்தார். பட்டறைப் பெயிண்டர் அதன் இரு கதவுகளிலும் தாமரை வரைந்து, கைப்பழக்கத்தில் கீழே 'ஒலி எழுப்பவும்' என்றும் எழுதிவிட்டார். அழிக்க வேண்டாம் என்று தனப்பிரியாதான் சொன்னாள். பெட்டி பிள்ளையார் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் இருந்தது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்பது அவள் வைத்த ஒரே சட்டம். கழுவிய தண்ணீர் பக்கத்து வாழைகளுக்குப் போகும்.

இதுவரை பெரும்பாலும் பிறந்தநாள்களுக்கும் கோயில் பொங்கலுக்கும்தான் பெட்டி திறந்திருந்தது. பெரிய விசேஷம் என்றால் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "பொன்னாத்தாக்கா எடுத்தா நாங்களும் எடுக்கறமுங்க." தெருவில் பெரிய வீடு அவர்களுடையது. பெரிய வாயும்.

சாயங்காலம் வட்டல்களைச் சரிபார்க்கலாம் என்று தனப்பிரியா கொட்டகைக்குப் போனாள். கதவைத் திறந்தாள். எல்லாம் பளபளவென்று அடுக்கியிருந்தன. யார் இவ்வளவு அழகாக அடுக்கினார்கள் என்று நினைத்தவுடனே விடையும் வந்தது. கந்தன்.

கடைசி வீட்டில் இருக்கும் கந்தன் முட்டை வியாபாரம் பார்ப்பவர். போன மாதம் அவருடைய அம்மா ஆத்தாயி இறந்தாள். மொட்டையடித்த தலையோடு வந்து கருமாதிச் சாப்பாட்டுக்கு வட்டல் கேட்டவரிடம் தனப்பிரியா சாவியை எடுத்து நீட்டினாள். துக்க வீட்டில்கூடப் பிளாஸ்டிக் வரவில்லை என்று அன்று முழுவதும் உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

இப்போது அவள் கை கதவிலேயே நின்றுவிட்டது. எழவு வீட்டில் புழங்கிய பாத்திரம். அதில் பிள்ளைத்தாய்ச்சிக்கு விருந்து. தெரியாத வழக்கம் இல்லை. அவள் பிறந்த வீட்டிலேயே கருமாதிக்குப் புழங்குகிற அண்டாவும் வட்டல்களும் தனியாக இருந்தன. சாவி கொடுத்த அன்றைக்கு அந்த நினைப்பை வரவிடாமல் பெருமை வாசலை மறித்துக்கொண்டது.

வீட்டில் அவள் கணவன் நவநீதகிருஷ்ணன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். விடுதிப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியன். கேட்டுவிட்டு நிமிராமலே சொன்னான்.

"எவர்சில்வர்ல துருவே புடிக்காது. தீட்டா புடிக்கப் போகுது?"

"ஏனுங்க, இது உங்க லேப்பு இல்லீங்க."

"அப்பச் சொல்லாத உட்று. கருமாதிக்குப் பொன்னாத்தாக்கா ஊட்டுல இருந்து ஆரும் போகலையல்ல?"

போகவில்லைதான். மருமகள் மாசமாக இருப்பதால் அந்த வீட்டார் கருமாதிப் பக்கம் வரவில்லை. அதனால் அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது எவ்வளவு வசதி.

கோகிலவாணிக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. அதற்குப் பிறகு நான்கு வருடம் எதுவும் இல்லை. இந்த முறை பொன்னாத்தாள் மருமகளைப் படியேறக்கூட விடுவதில்லை. கடவுள் புண்ணியத்தில் எல்லாம் நன்றாக நடக்கும். நடக்காவிட்டால், என்று தொடங்கிய நினைப்பைத் தனப்பிரியா பாதியிலேயே அறுத்தாள்.

நான் இதை நம்புகிறேனா? அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரியாததால் பெட்டியிலிருந்து ஒரு வட்டலை எடுத்து வந்து அதிலேயே இரவுச் சோற்றைப் போட்டுக்கொண்டாள். ரசம் ரசமாகவே இருந்தது. சரி, நம்பவில்லை. கோயம்புத்தூரில் படிக்கும் மகனுக்கு நாளைக்குக் கல்யாணமாகி, மருமகள் மாசமாக இருந்தால் அவளுக்கும் இந்த வட்டலில் போடுவேனா? போடுவேன் என்று மனம் உடனே சொன்னது. கை மட்டும் ஒரு கணம் பின்வாங்கியதை அவளால் மறைக்க முடியவில்லை. தன் கைக்குத் தெரிந்தது பொன்னாத்தாளின் கைக்கும் தெரிய வேண்டும்.

சொன்னால் பெட்டியின் கதை முடிந்துவிடும். அதுவும் அவளுக்குத் தெரிந்தது. இந்த ஊருக்கு வந்து இருபது வருடமாக அவள் வாத்தியார் சம்சாரம், பையனின் அம்மா. தன் பேச்சைக் கேட்டு நாலு பேர் பரணில் ஏறி இறங்கியது இந்தப் பெட்டிக்காகத்தான். அது தனக்கு எவ்வளவு பிடித்துப் போயிருக்கிறது என்பதை இழக்கப் போகிற நேரத்தில்தான் அவள் பார்த்தாள். அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பொன்னாத்தாள் மாடியில் நின்று பந்தல்காரரை விரட்டிக்கொண்டிருந்தாள். தனப்பிரியா ஓரமாக அழைத்துச் சொன்னாள். பொன்னாத்தாள் பந்தல்காரரைக் கையசைத்து அந்தப் பக்கம் அனுப்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இத எதுக்குடி எங்கிட்ட வந்து சொன்ன?"

"சொல்லோணும்னு தோணுச்சுங்கக்கா."

"உன்ற மனசுல கெடந்த கல்லத் தூக்கி என்ற மடியில போட்டுட்ட. நீ போயி நிம்மதியாச் சோறு திம்ப. நான்?" பந்தல் துணி காற்றில் படபடத்தது. "வெண்ணந்தூர்க்காரிக்குத் தெரிஞ்சா, என்ற புள்ளைக்கு எழவூட்டு வட்டல்ல சோறு போட்டவங்கதானன்னு பேரன் காலேசு போற வரைக்கும் சொல்லிக் காட்டுவா."

"மன்னிச்சுக்கங்கக்கா."

"போ. போயி வேலயப் பாரு."

படியிறங்கும்போது தனப்பிரியாவுக்கு அந்தப் பேச்சு சரியான இடத்தில் தைத்தது. உண்மையைச் சொன்னேன் என்று நினைத்தாள். பாரத்தை இடம் மாற்றியதும் அதற்குள்ளேயே இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க முடியவில்லை.

அன்று மாலை தங்கசாமி மொபெட்டில் வந்து இறங்கினார். முன்னால் ஒரு பெரிய கட்டு. கவர் கிழிந்த இடத்தில் வெள்ளைத் தட்டுகள் தெரிந்தன. தனப்பிரியா ஜன்னலிலிருந்து பார்த்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது ஒரு லேசான நிம்மதி. இனி எது நடந்தாலும் தன் வட்டல் மேல் பழி வராது. அந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் வருத்தம் வந்தது. மாட்டின் வாயைப் பார்த்துப் பதறியவளும் இந்த நிம்மதிக்காரியும் ஒரே ஆள்தானே என்று நினைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. பொன்னாத்தாள். தலைகூடச் சரியாக வாரவில்லை.

"சாவி குடு."

தனப்பிரியா அசையாமல் நின்றாள்.

"ஏன்டி முழிக்கற? ஆத்தாயி சாவுல நெய்ப்பந்தம் ஆராரு புடிச்சாங்கன்னு பாத்தியா?"

"பேரனுக, கொள்ளுப்பேரனுக எல்லாம் புடிச்சாங்க."

"கொள்ளுப்பேத்திக்குக் கல்யாணம் பேசற வரைக்கும் இருந்தவ. காலையில கம்மஞ்சோறு கரச்சுக் குடிச்சுப்போட்டு மத்தியானம் படுத்தவ எந்திரிக்கல. மேளமும் ஆட்டமுமாக் கொண்டு போனாங்க. அது கல்யாணச் சாவு. வழியில எறச்ச காசுல ஒண்ணு எங்கூட்டு கேட்டுக்குள்ளார வந்து உழுந்துச்சு. அத எடுத்து நான் என்ன பண்ணுனேன்?"

"என்ன பண்ணுனீங்க?"

"கோகிலா பீரோவுல வெச்சிருக்கேன். ஆத்தாயி ஆயிசு அந்தப் புள்ளைக்கும் வரட்டும்னு. அவ பொணத்து மேல எறச்ச காசு ஊட்டுக்குள்ள வரலாம், அவ பேருல சோறு தின்ன வட்டலு வரக் கூடாதாக்கும்? ராத்திரி பூராத் தூங்காம இதத்தான் யோசிச்சேன். உன்னத் திட்டிக்கிட்டே யோசிச்சேன், அதையும் தெரிஞ்சுக்க."

தனப்பிரியாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "வெண்ணந்தூர்க்காரங்க?"

"விடிஞ்சதும் போனப் போட்டு நானே சொல்லிப்போட்டேன். அடுத்தவ வாயில இருந்து போறதுக்கு முன்னால நம்ம வாயில இருந்து போகட்டும்னு. அவ என்ன சொல்றாங்கற? அவங்க பக்கம் அப்பிடி வாழ்ந்து போனவ சேலையில தொட்டில் கட்டுவாங்களாமா. ஆத்தாயி சேல ஒண்ணு கெடைக்குமான்னு கேக்கறா."

"மாமா தட்டு வாங்கியாந்தாங்களே?"

"நாஞ் சொல்லாமயே வாங்கியாந்தாரு. நாந்தான் திருப்பிக் கொண்டுபோயிக் கடையிலயே குடுத்துட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன். போற வழியெல்லாம் பொலம்பிக்கிட்டே போறாரு."

ஞாயிற்றுக்கிழமை வெண்ணந்தூர்க்காரர்கள் ஒரு வேன் நிறையச் சோறு கொண்டுவந்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு. கோகிலவாணி கீழே கூடத்தில் மாம்பழ நிறப் பட்டில் உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி, எல்லார் கையாலும் ஒரு வாய் வாங்கினாள். மாடியில் வட்டல்கள் கைமாறின. பெண்கள் சாப்பிடுவதற்கு முன் வட்டலைத் திருப்பிப் பெயரைப் படித்தார்கள். "எனக்கு ஆரோ செல்லமுத்துங்க." "எனக்கு உங்க சம்பந்தியே வந்திருக்காங்க பாருங்க, கல்யாணத் தேதியோட." பொன்னாத்தாளின் வயதை அந்தத் தேதியிலிருந்து ஒருத்தி விரல் மடக்கிக் கணக்குப் போட, பொன்னாத்தாள் வட்டலைப் பிடுங்கப் போனாள். துக்கம் காக்கும் கந்தன் விசேஷத்துக்கு வரக்கூடாது. அவர் வீட்டுக்கு ஐந்து வகைச் சோறும் மூடிவைத்துப் போயிற்று.

தனப்பிரியா கைப்பிடிச் சுவரோரம் நின்று சாப்பிட்டாள். அவள் வீட்டெதிரே இருந்த காலி மனை கீழே வெறும் புல்லோடு கிடந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காமல் இருந்ததுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

பிற்பகலில் கொட்டகையருகே குத்துக்காலிட்டுக் கழுவினார்கள். பூந்திக்கொட்டை நுரை வாழைப் பாத்தியை நோக்கி ஊர்ந்தது. நெடுநேரமாக மனதில் இருந்ததைத் தனப்பிரியா கேட்டாள்.

"அக்கா, ஆத்தாயி மாதிரி வாழ்ந்து போகாம, சின்ன வயசுச் சாவா இருந்திருந்தா?"

பொன்னாத்தாள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அதுக்கும் ஏதாச்சும் யோசிச்சிருப்பேன்." இன்னொரு வட்டலை எடுத்தாள். "யோசிக்காமயும் போயிருப்பேன். தெரியல சாமி. பொய் சொல்ல மாட்டேன்." பிறகு, "பெட்டியில நடுவால ஒரு தகடு வெச்சு, எழவுக்குத் தனி, நல்லதுக்குத் தனின்னு பிரிச்சுரலாம்னு உங்க மாமன் சொல்றாரு," என்றாள்.

"வேண்டாங்கக்கா."

தான் இவ்வளவு வேகமாகச் சொல்லுவோம் என்று தனப்பிரியாவே நினைக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி சாவி கேட்டு வருவதும், தான் அவளுக்கு அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து காட்டுவதும் கண்ணுக்குள் வந்து போயிற்று. அதைத் தன்னால் செய்ய முடியாது. சொல்லாமல் கொடுப்பதும் இனி முடியாது. இரண்டுக்கும் நடுவே நிற்க ஓர் இடம் இருப்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"ஒண்ணாவே இருக்கட்டுங்க. கேக்கறவங்களுக்கு எங்கெங்க போயி வந்துச்சுன்னு சொல்லிட்டுக் குடுக்கறேன். எடுக்கறவங்க எடுக்கட்டும்."

"பாதிப் பேரு எடுக்க மாட்டாங்க."

"மீதிப் பாதி இருக்காங்கல்ல."

"வாத்தியாரு சம்சாரமல்ல, கணக்குல வந்து நிக்கறா," என்றாள் பொன்னாத்தாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

வெயில் தாழ்வதற்குள் பின்தெருக் கலைமணி வந்தாள். மகனுக்குக் காது குத்து, வட்டல் கிடைக்குமா என்று கேட்டாள். தனப்பிரியா எழுந்து சேலையில் கையைத் துடைத்தாள்.

"கெடைக்குமுங்க. முன்னமே சொல்லிப்போடறேன். இந்த வட்டலு கருமாதிக்கும் போயிருக்குது, கட்டுச்சோத்துக்கும் போயிருக்குது."

கலைமணி பொன்னாத்தாளைப் பார்த்தாள். அதிசயமாகப் பொன்னாத்தாள் வாயைத் திறக்கவில்லை. கலைமணி கழுவி வைத்த வட்டல் ஒன்றைத் தொட்டுத் திருப்பினாள்.

"எங்க மாமியாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேனுங்க."

"கேட்டுட்டு வாங்க. அவசரமில்லீங்க," என்றாள் தனப்பிரியா. அவள் உண்மையாகவே அவசரமில்லாமல் இருந்தாள். கழுவிய வட்டல்களை ஒவ்வொன்றாக எடுத்து, மிச்சமிருந்த வெயிலைப் பார்த்துச் சாய்த்து வைக்கத் தொடங்கினாள்.