கதவு திறக்காத வகை

நான் ஒரு பொம்மைக் காரில் ஓட்டுநராக இருக்கிறேன். கார் உள்ளங்கை நீளம்தான். உட்கார்ந்துவிட்டால் உள்ளே இடம் தாராளம்.

வார்ப்பட ஆலையில் இரும்பு தூக்கி முதுகு போன பிறகு கிடைத்த வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை எனக்கு இதுதான் முதல். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் என் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். இந்த வேலையும் போனால் திரும்ப இரும்புதான். முதுகு தாங்காது.

கடை துரைசாமி அண்ணனுடையது. பழைய பொம்மைக் கார்களைச் சேகரிப்பவர்களுக்கு விற்கிறார். கண்ணாடி அலமாரியில் என் பச்சைக் காருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வேன். அதை ஓட்டுகிறவன் ராசப்பன். அவனை நான் நம்புவதில்லை. நேராகப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் சிரிக்கிறவன்.

அன்றைக்குப் பல் டாக்டர் சிற்றம்பலம் வந்தார். எந்தக் கார் எந்த வார்ப்பு என்று பார்த்துச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். யார் சொல்கிறார்கள் என்று தெரியாது. காரைத் தூக்கிக் கவிழ்த்தார். நான் ஸ்டியரிங்கை விடவில்லை.

"துரைசாமி, இந்த மாடல்ல ரெண்டு வகை. மொத வார்ப்புல உள்ள ஆள் உண்டு. கதவு வெறும் கோடுதான், திறக்காது. அப்புறந்தான் திறக்கற கதவு வெச்சாங்க. ஆளை எடுத்துட்டாங்க."

"ஏனுங் டாக்டர், ஆளை எதுக்கு எடுக்கோணும்?"

"கதவு திறந்தா எறங்கிப் போயிருவானில்ல."

துரைசாமி அண்ணன் தலையாட்டினார். நியாயமாகத்தான் பட்டது.

"செரிங். ஆளும் இருந்து கதவும் தொறந்தா?"

"எவனோ பின்னால சொருகினது. போலி. இடுக்கியில புடிச்சு எடுத்து வீசிர வேண்டியதுதான்."

நான் கதவின் உள்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் பையிலிருந்து பல் குத்தும் கொக்கியை எடுத்தார். கதவு இடுக்கில் நுழைத்து நெம்பினார். என் முதுகெலும்பு ஒவ்வொன்றாகப் பேசியது.

"உட்றாத மாமா," என்றான் ராசப்பன், உதடு அசையாமல். "கடவாப்பல்லுன்னு நெனச்சுப் புடுங்கறான்."

கதவு வரவில்லை. டாக்டருக்குத் திருப்தி இல்லை. குட்டிக் கண்ணாடி ஒன்றை ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். அதில் அவருடைய கண் என்னைப் பார்த்தது.

"ஆ காட்டு," என்றார்.

பழக்கதோஷமாக இருக்கலாம். தந்திரமாகவும் இருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை.

"இவனுக்கு வேர்க்குதே துரைசாமி."

"பெயிண்ட் மினுக்குதுங்."

அப்போது பார்த்து என் மனைவி பாவாயி சோற்றுத் தூக்குடன் உள்ளே வந்தாள். கடையில் இருக்கும்போது அவள் மிகப் பெரியவளாகத் தெரிவாள். வீட்டில் சரியாகிவிடும். அவள் முகம் என் கார் ஜன்னல் முழுவதையும் அடைத்தது. டாக்டர் கையிலிருக்கும் கொக்கியைப் பார்த்தாள். என் கைகளைப் பார்த்தாள்.

"ஏம்மா, இதுல இருக்கறது உன்ற ஊட்டுக்காரனா?" என்றார் டாக்டர்.

"என்ற ஊட்டுக்காரரு பெரிய ஆளுங். இதுக்குள்ள எப்படி அடங்குவாரு?"

"சாயங்காலமானா இந்த ஆள் ஊட்டுக்கு வர்றதில்ல?"

"என்ற ஊட்டுக்கு ஆருமே வாரதில்லீங்."

"பின்ன சோறு ஆருக்கு?"

"கொண்டாந்து பழகிப்போச்சுங்."

அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எனக்காகச் சொல்கிறாளா, நெடுநாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்கிறாளா என்று யோசித்தேன். தூக்கை வைக்காமலே திரும்பிப் போனாள்.

டாக்டர் கொக்கியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "மொத வார்ப்பு. ஆள் உண்டு, கதவு திறக்காது. அசல்."

துரைசாமி அண்ணன் என்னை மேல்தட்டுக்கு மாற்றினார். அங்கிருந்து தெரு தெரியும். ராசப்பனின் வேனை யாரும் சோதிக்கவில்லை. அதையும் நான் கவனித்துக்கொண்டேன்.

சாயங்காலம் கதவைத் தள்ளினேன். வரவில்லை. உள்பிடியைத் தேடினேன். அது இருந்த இடம் வழவழவென்று இருந்தது. கதவு இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும், பெயிண்டுக்கு அடியில்.

கீழ்த்தட்டில் ராசப்பன் வேன் கதவைத் திறந்து இறங்கினான். சட்டையை உதறிக்கொண்டான்.

"அசல் மாமாவுக்கு வணக்கமுங்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

எதிரே பஸ் நிறுத்தத்தில் பாவாயி நின்றிருந்தாள். பஸ் வந்தது. கூட்டம். நிற்பதற்கு முன்பே அவள் ஓடி, ஜன்னல் வழியாகச் சோற்றுத் தூக்கைப் போட்டு ஒரு சீட்டைப் பிடித்தாள். ஏறினாள். தூக்கை நகர்த்தாமல் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள்.

ஒரு கிழவர் வந்து தூக்கை எடுக்கப் போனார். அவள் அதன்மேல் கையை வைத்தாள்.

"ஆள் வருதுங்," என்றாள்.

கண்டக்டர் விசிலடித்தார்.